ஐப்பசிக் குளிரில் கேட்ட உத்தரவு

இதை எழுத வேண்டும் என்று நான் நினைக்க ஆரம்பித்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. அப்பா இருந்தவரைக்கும் அவர் மனசு சங்கடப்படுமே என்று விட்டேன். அவர் காலமான பிறகு, சாமி காரியத்தை இப்படி எழுத்தில் போட்டால் குற்றமாகிவிடுமோ என்று பயம் வந்தது. காலையில் விளக்கேற்றும்போது, இன்றைக்கு எழுதிவிடலாமா அய்யனே என்று கேட்பேன். மத்தியானத்துக்குள் அந்தத் தைரியம் கரைந்துவிடும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் வயசொத்த குலமக்களே, உங்களில் பாதிப் பேர் இந்தக் கதையை வேறு மாதிரி கேட்டிருப்பீர்கள். அன்றைக்கு அங்கே இருந்தவர்களில் இப்போது மிச்சம் நானும் என் அத்தையும்தான். அத்தையே எழுதச் சொல்லிவிட்டார். அதனால் எழுதுகிறேன்.

அத்தை என்றால் என் அப்பாவின் கடைசித் தங்கை. தாய் தகப்பன் சின்ன வயசிலேயே போய்விட்டதால் அண்ணன் வீட்டிலேயே வளர்ந்தவர். வெண்ணந்தூருக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். எனக்கு ஒன்பது பத்து வயசு இருக்கும்போது அவருக்கு இருபது ஆகியிருக்கும். எனக்குத் தலை பின்னி விடுவது, சோளக்காட்டில் கிளி விரட்டுவது, கிணற்றுமேட்டில் உட்கார்ந்து ஊர்க்காரர்கள் நடப்பதைப் போல நடந்து காட்டிச் சிரிக்க வைப்பது எல்லாம் அவர்தான்.

அந்த வருஷம் அவருக்குச் சங்ககிரிப் பக்கத்திலிருந்து ஒரு இடம் வந்தது. லாரி ஓடுகிற வீடு. மாப்பிள்ளைக்குக் கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. எங்களுக்குத் தூரத்துச் சொந்தம் என்பதால், அதற்கு முந்தின வருஷம் ஒரு காதுகுத்துக்கு அத்தை அந்த வீட்டுக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்திருந்தார். இடம் வந்திருக்கிறது என்று அப்பா சொன்னபோது, அத்தை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்.

"அந்த ஊட்ல யாரும் யாரையும் கூப்புடறதில்லீங்கண்ணா. கையைத் தட்டறாங்க. ஒரு தட்டுத் தட்டுனா பெரிய மருமவ ஓடியாரணும், ரெண்டு தட்டுனா சின்ன மருமவ. எனக்கு மூணு தட்டுங்களா?"

அம்மா சிரித்துவிட்டார். அப்பாவும் சிரித்தார். பிறகு யோசனையாக உட்கார்ந்துவிட்டார். கை தட்டுகிறார்கள் என்று ஒரு குறை சொல்லி, வந்த இடத்தைத் தள்ளிவிட முடியுமா என்று அம்மா கேட்டார். அப்பா யாரையும் அதட்டிப் பேசுகிறவர் இல்லை. தகப்பன் இல்லாத பெண்ணை அண்ணன் பிடித்துத் தள்ளிவிட்டான் என்ற பேச்சு வரக்கூடாது என்பதில் அவருக்கு ரொம்பக் கவலை. இரண்டு நாள் கழித்து அத்தையிடம், "அய்யனைக் கேட்டுப் போடலாம் அம்மிணி. அவுரு சொன்னாச் சரி, இல்லீன்னா உட்ரலாம்" என்றார். அத்தை உடனே சம்மதித்தார்.

நம் குலத்துக்கு வெளியே இருந்து இதைப் படிக்கிறவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் கும்பிடும் மலையய்யன் ஏற்காட்டு மேலே, ஏரிக்கு அந்தப் பக்கம் மரங்களுக்குள் இருக்கிறார். முக்கியமான காரியம் என்றால் ஒரு கிடாவை அவர் முன்னால் நிறுத்தி, கேட்க வேண்டியதைக் கேட்டு, அதன் தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீர் தெளிப்போம். கிடா தலையிலிருந்து வால்வரைக்கும் உடம்பை உதறினால் அய்யன் உத்தரவு கொடுத்தார் என்று அர்த்தம். அதைத்தான் துலுக்குவது என்கிறோம். துலுக்கிய கிடாவை அங்கேயே வெட்டிப் பொங்கல் வைக்க வேண்டும். துலுக்காமல் நின்றுவிட்டால் காரியத்தையும் விட்டுவிட வேண்டும், கிடாவையும் வீட்டுக்கு ஓட்டி வந்துவிட வேண்டும். எங்கள் பங்காளி ஒருவர் காடு விற்கக் கேட்டபோது கிடா மத்தியானம் தாண்டியும் அசையவில்லை. காடு விற்கவில்லை. அந்தக் கிடா அவர்கள் தோட்டத்திலேயே கிழடாகிச் செத்தது.

எந்தக் கிடாவைக் கொண்டுபோவது என்று பேச்சு வந்தபோது அத்தை, தன் கிடாவையே கொண்டுபோகலாம் என்றார். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஏனென்றால் அது அத்தை கைக்குழந்தை மாதிரி வளர்த்த கிடா. மேச்சேரிச் செம்மறி. செங்கல் நிறம், உடம்போடு ஒட்டின குட்டை மயிர், கழுத்தில் ஒரு சின்ன வெண்கல மணி. வெயிலுக்கென்றே பிறந்த ஆடு அது, கம்பளி என்பதே அதன் உடம்பில் கிடையாது. கல்லுக்குட்டி என்று கூப்பிடுவோம். வாய்க்காலில் குளிப்பாட்டினால் மற்ற ஆடுகள் உதறி எங்கள் மேலெல்லாம் தண்ணீர் அடிக்கும். இது மட்டும் சொட்டச் சொட்டக் கல்லு மாதிரி நிற்கும். தானாகக் காய்ந்துவிடும். அதனால்தான் அந்தப் பேர்.

அம்மாவின் தம்பி, என் மாமா, அப்போது லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். மலைமேலிருந்து மரம் ஏற்றிவரக் காலி வண்டியாகப் போவார். ஐப்பசி மாதம், ஞாயிற்றுக்கிழமை, விடிந்ததும் அந்த லாரியில் கிளம்பினோம். மாமாவுக்குப் பக்கத்தில் அம்மா உட்கார்ந்தார். பின்னால் தார்ப்பாயை விரித்து அப்பா, அத்தை, நான், கல்லுக்குட்டி. பொங்கல் பானை, அரிசி மூட்டை, வாழை இலையில் கட்டின புளிச்சோறு. தார்ப்பாயில் பழைய ஆரஞ்சுப் பழத்தின் வாசமும் டீசல் வாசமும் கலந்திருந்தது. இப்போதும் எங்காவது பெட்ரோல் பங்க்கில் ஆரஞ்சு உரிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு அந்த லாரி வந்துவிடும்.

மலைப்பாதையில் திரும்பத் திரும்பக் காது அடைத்துக்கொண்டது. எச்சில் விழுங்கு சாமி, திறந்துக்கும் என்று அத்தை சொல்லிக் கொடுத்தார். கீழே எங்கள் சமவெளி வெயிலில் கிடந்தது. ஏரிகளும் தென்னந்தோப்புகளும் சின்னச் சின்னதாகத் தெரிந்தன. இன்னும் கொஞ்சம் ஏறியதும் எல்லாம் மறைந்து வெள்ளையாகிவிட்டது. மஞ்சு இறங்கியிருந்தது. மரம் தெரியவில்லை, மரத்திலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்படியொரு குளிரை நான் அதுவரைக்கும் கண்டதில்லை. எங்களில் மாமாவைத் தவிர யாரிடமும் கம்பளி கிடையாது. சமவெளிக்காரர்களுக்குக் கம்பளி எதற்கு? அப்பா துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டார். அத்தை வண்டியில் கிடந்த வெறுஞ்சாக்கு ஒன்றை உதறிக் கல்லுக்குட்டியின் முதுகில் போட்டு, அதைத் தன் மடியோடு அணைத்துக்கொண்டார்.

முதன்முதலாக அந்த ஏரியை நான் பார்த்தது அன்றைக்குத்தான். மாமா வண்டியை நிறுத்தியபோது ஏரி இருக்கிறது என்றே தெரியவில்லை. பிறகு மஞ்சு மெல்ல விலக விலக, தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. கரையில் மரப்படகுகள் கட்டிக் கிடந்தன. எங்கள் ஊர் ஏரியில் எருமை இறங்கும், துணி துவைப்பார்கள். இந்த ஏரி யாரும் தொடாமல் வைத்த மாதிரி இருந்தது. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கிச் சொம்பில் தண்ணீர் மோந்தார். நான் விரலை விட்டுப் பார்த்தேன். சுட்டது மாதிரி இருந்தது, அவ்வளவு சில்லென்று.

ஏரியிலிருந்து அய்யனிடம் போக ஒற்றையடிப் பாதைதான். இரண்டு பக்கமும் காப்பிச்செடிகள், பழம் சிவந்து கிடந்தது. மேலே ஓங்கின மரங்களில் மிளகுக்கொடி சுற்றியிருந்தது. காலடியில் இலை மெத்தை. தைல மர வாசம் மூக்கில் ஏறிக் கண்ணைக் கரிக்க வைத்தது. முன்னால் அப்பா, கையில் சொம்பு. கல்லுக்குட்டியின் மணிச்சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை.

அய்யன் பெரிய மரத்தடியில் மூன்று கல்லாக இருந்தார், பாசி படிந்து. அம்மா துடைத்து மஞ்சள் பூசினார். எங்களுக்குப் பூசாரி கிடையாது, குடும்பத்தில் மூத்தவர்தான் பூசை செய்வது. அப்பா கற்பூரம் கொளுத்தினார். ஈரத்தில் அது பிடிக்கவேயில்லை, மாமாதான் குனிந்து கையை அணைகட்டிப் பற்றவைத்தார். பிறகு அப்பா, கல்லுக்குட்டி மேலிருந்த சாக்கை எடுத்துக் கீழே போட்டார். மணியையும் அவிழ்த்தார். அந்த மணி பிறகு எங்கே போயிற்று என்று இன்றுவரைக்கும் தெரியவில்லை.

அப்பா கண்ணை மூடிக் கேட்டார். அவர் குரல் எனக்கு இன்னும் கேட்கிறது. "அய்யனே, எனக்கு எதுவும் தெரியலை. புள்ளைக்கு நல்லதுன்னா உத்தரவு குடு. இல்லீன்னா கெடாயைத் திருப்பி அனுப்பு." சொம்புத் தண்ணீரில் மஞ்சளைக் கரைத்துத் தலையில் தெளித்தார், முதுகில் ஊற்றினார்.

நான் அத்தையைப் பார்த்தேன். அவர் முகத்தில் பயமே இல்லை. கிடாவைப் பார்த்துக்கொண்டு, பழக்கமான ஒன்றுக்காகக் காத்திருக்கிற மாதிரி நின்றார். கல்லுக்குட்டி ஒரு கணம் கல்லாகத்தான் நின்றது. அப்புறம் அதன் கால் நடுங்கியது. தொடை நடுங்கியது. முதுகுத் தோல் சிறு சிறு அலையாக ஓடி, உடம்பு முழுக்க விடாமல் உதறியது.

அம்மா குலவை போட்டார். அப்பா சாஷ்டாங்கமாக விழுந்தார். மாமா மட்டும் கையைக் கம்பளிக்குள் விட்டபடி, "மச்சான், இது துலுக்குனதுங்களா, நடுங்குனதுங்களா? எனக்கே கால் ரெண்டும் ஆடுதுங்க" என்றார்.

"சாமி காரியத்துல நக்கல் பண்ணாத மாப்ளே" என்றார் அப்பா. அதைச் சொல்லும்போது அவர் பல்லும் தந்தியடித்துக்கொண்டிருந்தது.

அந்த இடத்தை நான் ஆயிரம் தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். நாங்கள் அத்தனை பேரும் நடுங்கிக்கொண்டுதான் நின்றோம். கிடா நடுங்கியதை மட்டும் சாமி என்றோம். அப்பா பொய் சொல்லவில்லை. அவர் காலமெல்லாம் சமவெளியில் ஆடு பார்த்தவர். ஆட்டுக்குக் குளிரும் என்பது அவர் புத்திக்கு எட்டவே இல்லை. அத்தை வாயைத் திறந்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். மூடிக்கொண்டார். "இத்தனை சுருக்கா வாக்குக் குடுத்து நான் பாத்ததில்லை அம்மிணி" என்று அப்பா அழுதுகொண்டே அவர் நெற்றியில் திருநீறு வைத்தார். "சரிங்கண்ணா" என்றார் அத்தை.

வெட்டும்போது சின்னப்பிள்ளை இருக்க வேண்டாம் என்று அம்மா எங்கள் இரண்டு பேரையும் ஏரிக்கு அனுப்பிவிட்டார். வந்த பாதையிலேயே திரும்பி நடந்தோம். பாதி வழியில் அத்தை, தன் மாராப்பில் ஒட்டியிருந்த செங்கல் நிற மயிர் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, அதை மறுபடியும் அங்கேயே வைத்துக்கொண்டார்.

கரையில் இருந்த படகுக்காரர் எங்களைப் பார்த்து, கூட்டமில்லாத நாள், வாங்க ஒரு சுற்றுப் போகலாம் என்று ஏற்றிக்கொண்டார். மஞ்சு தண்ணீர் மேல் ஒட்டிக்கொண்டு போயிற்று. துடுப்பு உள்ளே போகும்போது ஒரு சத்தம், வெளியே வரும்போது ஒரு சத்தம். மரங்கள் ஏரிக்குள் குனிந்து நிற்கும் அக்கரைக்குக் கொண்டுபோகச் சொன்னார் அத்தை. அங்கே போனதும் நிமிர்ந்து உட்கார்ந்து, கையைத் தட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. மரத்துக்குள்ளிருந்து சத்தம் திரும்பி வந்தது. நீர்க்கோழி ஒன்று பதறிக்கொண்டு ஓடியது.

"பாத்தியா, வந்தாச்சு மருமவ" என்றார். நானும் சிரித்தேன், படகுக்காரரும் விஷயம் தெரியாமல் சிரித்தார். அத்தை ரொம்ப நேரம் சிரித்தார். மஞ்சில் அவர் முகமெல்லாம் ஈரமாக இருந்ததால் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

அன்றைக்கு மத்தியானம் இலையில் விழுந்த கறியை அவர் தொடவில்லை. விரதம் என்று அம்மா நினைத்துக்கொண்டார். சாயங்காலம் மரம் ஏற்றின லாரியின் முன்பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்து இறங்கினோம். கீழே வந்ததும் வெயிலின் சூடு கதவு திறந்த அடுப்பு மாதிரி முகத்தில் அடித்தது. எல்லோரும் பெருமூச்சு விட்டோம்.

தையில் கல்யாணம் நடந்தது. அத்தை வாழ்க்கை கெட்டுப்போயிற்று என்று நான் சொல்ல மாட்டேன், அது பொய். மாமனார் வீட்டில் சோற்றுக்கும் துணிக்கும் குறைவில்லை, புருஷன் தங்கமானவர். பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். ஆனால் மூன்று தட்டு என்பது விளையாட்டுப் பேச்சாகப் போகவில்லை. அந்த மாமியார் கடைசி மட்டும் அப்படித்தான் கூப்பிட்டார். என் கல்யாணத்தின்போது மண்டபத்தில் யாரோ காக்காய் விரட்டக் கையைத் தட்டினார்கள். பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தை, கையில் எடுத்த சோற்றோடு எழுந்து நின்றுவிட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா அதைப் பார்த்தார். அன்றைக்கு அப்பா பந்தியில் உட்காரவே இல்லை. அத்தை குடும்பத்துக்குப் பெரியவராக ஆன பிறகு, மருமகள்களைக் கண்ணு, சாமி என்று பக்கத்தில் போய்த்தான் கூப்பிடுவார். அடுப்படியில் இருந்தால் அடுப்படிக்கே நடந்து போவார்.

அந்த நாளின் கதை மட்டும் நம் குலத்தில் வேறு மாதிரி வளர்ந்துவிட்டது. தண்ணீர் படுவதற்கு முன்னாலேயே கிடா துலுக்கியது என்றார்கள். கல்லு மாதிரி நிற்கும் கிடாவையே அய்யன் துலுக்க வைத்தார் என்றார்கள். என் தம்பியின் பேத்திக்கு இந்த வருஷம் ஒரு இடம் பேசினார்கள். பேத்திப் பிள்ளை முகம் கொடுத்துப் பேசவில்லை. உடனே வீட்டில், அந்தக் காலத்தில் அத்தைக்குக் கேட்ட மாதிரி மலையில் போய்க் கேட்டுவிடலாம், அய்யன் உடனே சொல்லிவிடுவார் என்று நாள் பார்க்க ஆரம்பித்தார்கள்.

அவர்கள் மலை ஏறுவதற்கு முன்னால், அந்த நாளைப் பற்றிக் கேட்டுவிட வேண்டும் என்று நான் அத்தையைக் கூட்டிக்கொண்டு ஏற்காடு போனேன். என் மகன் காரில் கொண்டுபோய் விட்டான். ஏரியைச் சுற்றிக் கம்பிவேலி, சீட்டுக் கொடுக்கிற இடம், சோளக்கதிர் சுடுகிறவர்கள், பிள்ளைகளுக்கு ஊஞ்சல். நடைபாதைக்குக் கல் பதித்திருக்கிறார்கள். மரங்களும் மஞ்சும் மட்டும் அப்படியே இருக்கின்றன. அத்தைக்கு இப்போது முழங்கால் வலி. ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் அன்றைக்குத்தான் கேட்டேன், அது நடுங்கினது என்று உங்களுக்குத் தெரியுமா என்று.

"தெரியாமயா சாமி? நான் வளத்த கெடா."

பின்னே ஏன் வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டீர்கள் என்றேன். அவர் ஏரியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எங்கண்ணன் நெனச்சாரு, ஆசையா வளத்ததைச் சாமிக்குக் குடுக்கறான்னு. நான் அதுக்காவ குடுக்கலை. அது எந்தக் காலத்துலயும் துலுக்காதுன்னு தெரிஞ்சேதான் ஓட்டிட்டுப் போனேன். அதுவும் ஊடு திரும்பும், நானும் ஊடு திரும்புவேன்னு. அய்யனை ஏமாத்தப் போனவ நானு. அப்புறம் குளிருதுன்னு எந்த வாயில நாயம் பேசறது?"

இத்தனை வருஷமாக நான் அப்பாவை மட்டும்தான் மனசுக்குள் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவரே மறுபடி சொன்னார். "கையைத் தட்டறாங்கன்னு சொன்னேன். மூணு தட்டான்னு கேட்டேன். எனக்கு வேண்டாமுங்கண்ணான்னு ஒரு வார்த்தை சொல்லலை. சொல்லியிருந்தா உங்கப்பன் மலையே ஏறியிருக்க மாட்டாரு. அவரு மனசு எனக்குத் தெரியும்."

பிறகு என் போனை வாங்கி, தம்பி பேத்தியைக் கூப்பிடச் சொன்னார். எல்லோரும் நடந்துபோகிற பாதையில் உட்கார்ந்துகொண்டு, சத்தமாகவே பேசினார். "உனக்கு வேணும்னா வேணும்னு சொல்லு கண்ணு, வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு. கெடா தலைல கட்டாத." பிறகு பிள்ளை, வேண்டாமுங்க அப்பத்தா என்றது. அதே வார்த்தையை உன் அப்பன்கிட்டச் சொல்லு, நான் இருக்கிறேன் என்று அத்தை போனை என் கையில் கொடுத்தார். பிள்ளை அன்றைக்கே சொல்லிவிட்டது. இடத்தை விட்டுவிட்டார்கள்.

அதற்குத்தான் இப்போது பேச்சு. அய்யனைக் கேட்காமலே முடிவு பண்ணிவிட்டார்கள், அத்தைக்கு வயசாகிப் புத்தி தடுமாறுகிறது, நான் தூண்டிவிட்டேன் என்று சொல்கிறார்கள். பழைய கதையைக் காட்டித்தான் சொல்கிறார்கள். நான் தினமும் அய்யனைக் கும்பிடுகிறவள். வெள்ளிக்கிழமை விளக்கு ஒன்று தப்பினது கிடையாது. அவர் உத்தரவு கொடுப்பார் என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. வீட்டுக்குள் வாய்விட்டுக் கேட்க வேண்டியதைக் கேட்காமல், மலை ஏறிப் போய் அவரிடம் போட்டோமே, அதுதான் எனக்கு இப்போது உறுத்துகிறது.

உங்கள் பிள்ளைகளிடமும் பேரப்பிள்ளைகளிடமும் இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது நான் எழுதின மாதிரியே சொல்லுங்கள். கிடாவைத் துலுக்க வைத்துவிடாதீர்கள். அப்பாவைக் கல்நெஞ்சுக்காரர் ஆக்கிவிடாதீர்கள், அவர் அழுதுகொண்டுதான் திருநீறு வைத்தார். அய்யன் மேல் பழி போடாதீர்கள். அத்தை பேசாமல் நின்றதைப் பக்தி என்று மெச்சவும் வேண்டாம், அவர் செய்த தந்திரத்தை மறைக்கவும் வேண்டாம். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. நாங்கள் யாரும் வேண்டுமா என்று கேட்கவில்லை. நடந்தது இவ்வளவுதான்.